கப்பித்தான் பெண்டாட்டிக்கு இரண்டு கதை

பிலோமி அக்கா தையல் மெஷினை நிறுத்தினாள். பகல் முழுக்க ஓடுகிற சத்தம் திடீரென்று நின்றால் என்னவோ ஏதோ என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்போம். ஊசிக்குக் கீழே யாருடைய ரவிக்கைக் கையோ பாதி தைத்தபடி கிடந்தது.

"ஏளா ரெஜி, இதுல எந்தக் கதை நெசம்?"

என் மடியில் ஒரு பழைய நாடகப் புத்தகம் விரித்துக் கிடந்தது. அதன் மேல் அந்த வாரத்துப் பத்திரிகை. இரண்டிலும் ஒரே கதைதான். அதாவது, ஒரே கதை என்றுதான் அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டுமே கதைதானக்கா. கதையில நெசம் ஏது?"

"காலேசுக்குப் போறவ சொல்லுத பதிலா இது" என்றாள். மெஷினை மறுபடி மிதிக்கவில்லை. வாசல் வழியாகக் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் காயப்போட்டிருந்த கருவாட்டு வாடை வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

அவள் பொழுதுபோகாமல் கேட்கவில்லை. மறுபடி கல்யாணம் செய்துகொள்வதா, வேண்டாமா என்று அவள் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. எழுபதுகளில் ஏதோ ஒரு வருஷம் அது. எந்த வருஷம் என்று கேட்டால் முழிப்பேன். புதுத் துறைமுக வேலைக்குக் கல் ஏற்றிக்கொண்டு லாரிகள் போன காலம் என்பது மட்டும் நிச்சயம், ஏனென்றால் எங்கள் வீட்டுக் குத்துப்போணித் தண்ணீரில் எந்நேரமும் புழுதி மிதக்கும்.

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் வளர்த்த கோழிகளைப் பற்றி எழுதியதற்கு, "எழுத வேறு விஷயம் கிடைக்கவில்லையா" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கிடைக்காமல் இல்லை, அம்மா. இந்த விஷயம் இருந்தது. இது எனக்கே இன்னும் சரியாக விளங்கவில்லை என்பதால்தான் கோழியின் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.

வராத தோணி

அக்காவின் வீட்டுக்காரர் கஸ்பார் அத்தான் தோணியில் வேலைக்குப் போனவர். கொழும்புக்கு வெங்காயமும் ஓடும் ஏற்றிப் போகிற பாய்மரத் தோணி. ஒரு கார்த்திகையில் போனது, திரும்பவில்லை. கொழும்பிலும் கரை சேரவில்லை என்று தகவல் வந்தது. ஒரு பலகைகூட எங்கும் ஒதுங்கவில்லை. இந்தக் கதை நடக்கும்போது அதற்கு மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பலகை ஒதுங்கியிருந்தால் அழுதிருப்போம். எங்கள் அம்மா அழவும் விடவில்லை. "சேதி வாரதுக்கு முன்னால அழுதா, நாமளே வாயால கொன்னுபோட்ட மாதிரி" என்பாள். அத்தானுக்காக ஒரு பூசைகூட வைக்கவில்லை. கல்லறைத் திருநாளில் தெருவே மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். அன்றைக்கு அம்மா அக்காவை வெளியே விடாமல் புளிக்குழம்பு வைக்கச் சொல்லிவிடுவாள்.

கல்யாண வீடுகளில் இன்னும் சங்கடம். அக்கா கழுத்தில் தாலி இருக்கிறது. பெண்ணுக்குப் பூ வைக்க அவளைக் கூப்பிடலாமா, கூடாதா? யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு டம்ளர் பாயசத்தைக் கையில் கொடுத்து ஓரமாக உட்காரவைத்துவிடுவார்கள். அந்த மூன்று வருஷத்தில் அக்கா குடித்த பாயசத்துக்கு அளவே இல்லை. அவளுக்குப் பாயசம் பிடிக்கவே பிடிக்காது.

அப்போதுதான் சூசை வீட்டிலிருந்து பேச்சு வந்தது. சூசை சங்கு குளிக்கிறவர், இன்னும் கல்யாணம் ஆகாதவர், கஸ்பார் அத்தானின் கூட்டாளி. அத்தான் தோணிக்குப் போவதற்கு முன்னால் இருவரும் ஒரே வள்ளத்தில் போனார்கள். சூசை கடலுக்குள் இறங்குவார், அத்தான் மேலே கயிறு பிடித்துக்கொண்டிருப்பார். கயிற்றில் ஒரு அசைவு வந்தால் தூக்க வேண்டும். பிடிக்கிறவர் கொஞ்சம் அசந்தாலும் இறங்கினவர் உயிர் போய்விடும். அப்படிப்பட்ட கூட்டாளியின் பெண்டாட்டியைக் கேட்கிறோமே என்று நினைத்தாரோ என்னவோ, சூசை நேரில் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய அம்மாதான் வந்தாள்.

"அவசரமில்ல. திருநாள் முடிஞ்சு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

கோயில் சாமியார் மேற்றிராணியாருக்கு, அதாவது பிஷப்புக்கு, எழுதி அனுமதி வாங்கித் தருவதாகச் சொன்னார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா இருமினார். எங்கள் அப்பா, முடிவு சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் இருமுவார்.

பழைய கதை

எங்கள் கோயில் திருநாளில் வருஷா வருஷம் கப்பித்தான் நாடகம் போடுவார்கள். ராத்திரி தொடங்கி விடியற்காலம் வரை நடக்கும். பாட்டும் விருத்தமுமாக, யாரோ ஒரு புலவர் எந்தக் காலத்திலோ எழுதியது. அதை அச்சுப் போட்ட புத்தகம் எங்கள் வீட்டில் இருந்தது. முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் கிடையாது, மூலையை எலி தின்றிருந்தது.

கதை இதுதான். ஒரு கப்பித்தான், அதாவது கப்பல் தலைவன், கடலுக்குப் போய் வருஷக்கணக்காகத் திரும்பவில்லை. அவன் பெண்டாட்டி எலிசாள் ஜன்னலில் விளக்கு வைத்துக் காத்திருக்கிறாள். ராஜாவின் தம்பி பல்லக்கு அனுப்பி அனுப்பிக் கூப்பிடுகிறான். அவள் மாட்டேன் என்கிறாள். வானத்திலிருந்து சம்மனசு, தேவதூதன், இறங்கி வந்து அவளுக்குத் தைரியம் சொல்கிறது. கடைசியில் கப்பித்தான் வந்துவிடுகிறான். மங்களம்.

கப்பித்தான் கரையேறுகிற காட்சியை மேடையில் நடத்த மாட்டார்கள். சூரியன் எழும்புகிற நேரத்துக்குச் சரியாக, நிஜமான கடற்கரையிலிருந்தே அவர் நடந்து வருவார். வழியில், தூரக் கடலுக்குப் போன ஆண்களின் பெண்டாட்டிமார் மெழுகுவத்தி ஏற்றி வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருத்தியும் அவரைக் கேட்பாள்: "வந்துட்டீரா?"

"வந்துட்டேன். வெளக்க அணை" என்பார் அவர். அவள் மெழுகுவத்தியை ஊதி அணைப்பாள். அப்படிக் கேட்டவள் வீட்டு ஆள் அந்த வருஷம் பத்திரமாகக் கரைசேருவான் என்று நம்பிக்கை. இதற்குக் கரைக்கேள்வி என்று பெயர். புத்தகத்தில் இது கிடையாது. எங்கள் கரை சேர்த்துக்கொண்டது.

கப்பித்தான் வேஷம் கட்டுவது சூசை வீட்டு நேர்ச்சை, பரம்பரை வேண்டுதல். அவருடைய அப்பாவுக்குப் பிறகு அவர். மூன்று திருநாளாக அக்காவுக்கு முன்னால் வந்து நின்று, தன் கூட்டாளிக்காக "வந்துட்டேன்" என்று சொன்னவர் அவர்தான். கூட்டாளிக்காகச் சொன்ன வார்த்தை எப்போது தனக்காகச் சொன்னதாக மாறியது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

புதிய கதை

அந்த வருஷம் பட்டணத்து எழுத்தாளர் ஒருவர் இதே நாடகத்தை எடுத்து ஒரு வாரப்பத்திரிகையில் தொடர்கதையாக எழுதினார். (இந்தப் பத்திரிகை இல்லை. வேறொன்று. பெயர் சொன்னால் நம் ஆசிரியர் வருத்தப்படுவார்.) எலிசாள் இதில் எல்சி ஆகிவிட்டாள். சென்னையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். புருஷன் கப்பல் இன்ஜினியர். பல்லக்கு அனுப்பின ராஜா தம்பிக்குப் பதிலாக, மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு நல்ல மனுஷன். எங்கள் ஊர்க் கதையைப் பட்டணத்து ஆள் எழுதுகிறாரே என்று தெருவே படித்தது.

அக்காவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். ஆனால் கையில் தையல் இருக்கும். அதனால் நான்தான் வாசிப்பேன். முதலில் பத்திரிகை. பிறகு "இந்த இடம் பழசுல எப்படிளா வருது?" என்பாள். நாடகப் புத்தகத்தைப் புரட்டுவேன். பழசில் எலிசாள் பல்லக்குக்காரனைப் பார்த்துக் காறித் துப்புகிறாள். புதுசில் எல்சி மூக்குக் கண்ணாடிக்காரனுக்குக் காப்பி போட்டுக் கொடுக்கிறாள். அக்கா இரண்டையும் கேட்டுவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள்.

பக்கத்து வீட்டு ரோசம்மா அக்காளும் வந்து உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கு இரண்டும் கலந்துபோய்விட்டது.

"சம்மனசு டைப்படிக்கிற ஆபீசுக்கா வந்துச்சு?"

"இல்லக்கா, அது பழசு."

"அப்ப காப்பி குடிச்சது யாரு?"

அவளைப் பார்த்துச் சிரித்தேனே தவிர, என் மண்டையும் அப்படித்தான் இருந்தது. அந்தச் சமயத்தில் காலேஜில் எங்களுக்கு ஒரு பழைய வெளிநாட்டு நாடகம் பாடமாக இருந்தது. அது கடினம் என்று, அதைத் தழுவித் தமிழில் யாரோ எழுதிய நாவலைப் படித்துவிட்டுப் பரீட்சை எழுதினேன். கதாநாயகனுக்கும் கதாநாயகிக்கும் விமரிசையாகக் கல்யாணம் ஆனது என்று ஒன்றரைப் பக்கம். மூலத்தில் கடைசி அங்கத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் செத்துப்போகிறார்களாம். எங்கள் இங்கிலீஷ் சிஸ்டர் விடைத்தாளைக் கையில் கொடுத்து, "ரெஜினா, அந்தக் கல்யாணத்துக்கு நீ போயிருந்தாயா? சாப்பாடு எப்படி?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. ஒரே பெயரில் இரண்டு கதை நடமாடினால் நான் என்ன செய்ய?

வீட்டில் சிரிப்பு இல்லை. அம்மா அடுப்படியில் இருந்தபடியே இரண்டையும் கேட்டுக்கொண்டிருப்பாள். நாடகத்தை வாசித்தால் பாத்திரச் சத்தம் இருக்காது. தொடர்கதையை வாசித்தால் பாத்திரம் உருளும்.

இரண்டு முடிவு

திருநாளுக்கு முந்தின வாரம் தொடர்கதை முடிந்தது. நான்தான் கடைக்குப் போய், பத்திரிகைக் கட்டைப் பிரிக்கிறவரைக்கும் நின்று வாங்கி வந்தேன். எல்சி மூக்குக் கண்ணாடிக்காரனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அடுத்த வாரமே புருஷன் வந்து கதவைத் தட்டுகிறான். எல்சி கதவைத் திறந்து, அவனைப் பார்த்து, "யார் வேண்டும்?" என்கிறாள். முற்றும்.

வாசித்து முடித்துப் பத்திரிகையை மடியில் வைத்தேன். அடுப்படியில் அம்மா, "பாத்தியா, வந்துட்டான் பாத்தியா" என்றாள்.

அக்கா அப்போதுதான் மெஷினை நிறுத்தினாள். எந்தக் கதை நெசம் என்று கேட்டது அன்றைக்குத்தான். நான் அந்த அசட்டுப் பதிலைச் சொன்னேன். பிறகு, என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"ரெண்டு கதையிலயும் அவன் வந்துருதானளா. காத்துக்கெடந்தாலும் வாரான், காத்துக்கெடக்காட்டாலும் வாரான். வராதவன் பெண்டாட்டிக்கு ஒருத்தரும் எழுதலியே."

மூன்று மாதமாக இரண்டையும் வரி வரியாக வாசித்தவள் நான். அது என் கண்ணில் படவே இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் யோசித்தோம். வாயால் யாரும் கேட்கவில்லை. அக்கா இந்த வருஷம் கரைக்கேள்விக்கு நிற்பாளா? நின்றால், இன்னும் காத்திருக்கிறாள் என்று அர்த்தம். சூசையின் அம்மா அதையே பதிலாக எடுத்துக்கொண்டு வேறு இடம் பார்ப்பாள். நிற்காவிட்டால், அத்தானைக் கைவிட்டுவிட்டாள் என்று அர்த்தம். அம்மா அதைத் தாங்க மாட்டாள்.

கரைக்கேள்வி

திருநாள் நாடகத்தில் எலிசாளாக வேஷம் கட்டுகிறவர் உப்பளத்தில் கணக்கர். அந்த வருஷமும் மீசையை எடுத்துவிட்டு வந்து உருக்கமாகப் பாடினார். பல்லக்கு வந்தது, போனது. சம்மனசு கயிற்றில் இறங்கும்போது கொஞ்சம் ஆடியது. பாயில் கிடந்து தூங்கியவர்களை எல்லாம் விடிகிற நேரத்துக்கு எழுப்பினார்கள்.

பெண்கள் வரிசைக்குப் போனார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். மெழுகுவத்தியைப் பற்றவைத்துக்கொண்டு போய் வரிசையில் கடைசியாக நின்றாள்.

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அந்தப் பக்கம் இருந்த சூசையின் அம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கீழே பார்த்தாள். எனக்கு ஏனோ அழுகை வந்தது. முடிந்தது, இனி வாழ்நாள் முழுக்கப் பாயசம்தான் என்று நினைத்தேன்.

கடல் பக்கம் வெளிச்சம் வந்தது. சூசை தங்கத்தாள் ஒட்டிய தொப்பியும் சரிகைக் கோட்டுமாகத் தோளில் துடுப்போடு நடந்து வந்தார். முதல் பெண் கேட்டாள், அவர் சொன்னார், அவள் ஊதினாள். ஒவ்வொருத்தியாகத் தாண்டி அக்காவிடம் வந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருடைய கண் மெழுகுவத்தியில் இருந்தது.

அக்கா கேட்கவில்லை. அவர் நின்றார். மத்தளக்காரர் இன்னொரு சுற்று வாசித்தார். நாடகம் சொல்லிக்கொடுக்கிற மிக்கேல் அண்ணாவியார், பாவம், அவள் வார்த்தையை மறந்துவிட்டாள் என்று நினைத்து மேடையிலிருந்தே அடியெடுத்துக் கொடுத்தார்.

"வந்துட்டீரான்னு கேளும்மா."

அக்கா அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். சத்தமாகத்தான் கேட்டாள்.

"எங்க வீட்டு ஆளு உம்ம கூட வரலியா?"

மத்தளம் நின்றுபோனது. இந்தக் கேள்வி பழசிலும் இல்லை, புதுசிலும் இல்லை. அதற்குப் பதிலும் எதிலும் இல்லை. அண்ணாவியார் கையிலிருந்த தாளத்தை மேலே தூக்கியபடியே நின்றார். சூசை மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். துடுப்பைக் கீழே வைத்தார்.

"இல்ல பிலோமி. நான் மட்டுந்தான் வந்திருக்கேன்."

எனக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அம்மா. "ஏ கஸ்பாரு, என் மருமவனே" என்று மணலில் விழுந்து அழுதாள். மூன்று வருஷமாக அடைத்து வைத்திருந்த அழுகை. அப்பா இருமவில்லை, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் அழுதார்கள். அக்கா அழவில்லை. மெழுகு விரலில் வழிவதுகூடத் தெரியாமல் நின்றாள். பிறகு அவளே ஊதி அணைத்துவிட்டு, அம்மாவைத் தூக்கப் போனாள்.

மேடையில் எலிசாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாட வேண்டிய பாட்டை விட்டுவிட்டாள். அந்த வருஷம் மங்களம் பாடினார்களா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

விளங்காத மிச்சம்

நடந்தது என்ன என்று ஊரில் ஒருவருக்கும் புரியவில்லை. டீக்கடையில் ஒரு கட்சி, அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்றது. இன்னொரு கட்சி, அதுதான் நிச்சயதார்த்தம் என்றது. நேர்ச்சை நாடகத்தில் சொந்தப் பேச்சு பேசியது பாவம் என்று மூன்றாவது கட்சி. சாமியாரே என்னை வழியில் நிறுத்தி, "நீ படிச்ச பொண்ணு. உங்க அக்கா என்னதான் சொன்னா?" என்று கேட்டார். தெரியாது சாமி என்றேன். பொய் சொல்லவில்லை.

அடுத்த வாரம் கஸ்பார் அத்தானுக்காகப் பூசை வைத்தோம். அம்மாதான் சாமியாரிடம் போய்க் கேட்டாள். கூட்டத்தில் சூசை கடைசிப் பெஞ்சில் இருந்தார். மேற்றிராணியாரிடமிருந்து அனுமதி வர நாளானது. வந்த பிறகு, மேளமில்லாமல் ஒரு சாதாரணக் காலைப் பூசையில் அக்காவுக்கும் சூசைக்கும் கல்யாணம் நடந்தது. பாயசம் வைக்கவில்லை. அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

பிறகொரு நாள் அவளைக் கேட்டேன். "முன்னாலயே யோசிச்சு வச்சிருந்தியாக்கா?"

"இல்லளா. வந்துட்டீரான்னுதான் கேக்கப் போனேன். வாயில அது வந்துட்டு."

சூசை அத்தானைக் கேட்டேன். அவர் இன்னும் குழப்பினார். "நான் கப்பித்தானாத்தான் பதில் சொன்னேன்மா. சொன்ன பெறவுதான் அது நானுன்னு தெரிஞ்சுது."

அப்படியானால் அது நாடகமா, இல்லையா? இத்தனை வயசுக்குப் பிறகும் எனக்குப் பிடிபடவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ பழைய நாடகங்களும், அவற்றைத் திருப்பி எழுதிய நாவல்களும் படித்துவிட்டேன். எதை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டி, போனவன் வருகிறானா என்று பார்க்கிற கெட்ட பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. பெரும்பாலும் வந்துவிடுகிறான்.

இரண்டு வருஷம் கழித்து, அதே திருநாள். சங்கு குளிக்கிறவர் சாயங்காலமே வீடு திரும்பிவிடுவார் என்பதால் அக்கா வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கைப்பிள்ளையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வரிசையின் கடைசியில் செசிலி என்று ஒரு சின்னப் பெண். அவள் புருஷன் போன தோணி ஐப்பசியிலிருந்து வரவில்லை.

சூசை அத்தான் அவள் முன்னால் வந்து நின்றார். செசிலி வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள்.

அக்கா பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனாள். செசிலியின் பக்கத்தில் நின்று, மெழுகுவத்தி பிடித்த கையைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டு, தன் புருஷனைப் பார்த்துக் கேட்டாள்.

"இவ வீட்டு ஆளு வரலியா?"

அத்தான் தொப்பியைக் கழற்றினார். "வரலம்மா" என்றார் செசிலியிடம்.

அவள் அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெயில் வந்துவிட்டது. மெழுகுவத்தியை அணைக்க யாரும் சொல்லவில்லை. மேடையில் அண்ணாவியார், மத்தளக்காரர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தாளத்தைக் கீழே வைத்தார். இந்த முறை அவர் அடியெடுத்துக் கொடுக்கவில்லை. அந்தப் பெண் அழுது முடிக்கிறவரை நாடகம் காத்திருந்தது.